வெறும் வண்டி

புனித வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. இங்கே ஏப்ரல் என்றால் இலையுதிர்காலம். ஆனாலும் அன்று காலையிலேயே அலுவலகத்தில் புழுங்கியது. பெர்க் காற்று. உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து கடலை நோக்கிச் சரியும் காற்று, நூறு மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறும். பின்னாலேயே குளிர் வருகிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

லாரிகளை அனுப்பும் வேலையில் நான் சேர்ந்து இரண்டே மாதம். மேட்டுநிலத்தில் இருக்கும் ஹாரிஸ்மித்திலிருந்து ஒரு மூத்த ஓட்டுநர் அழைத்தார்.

"தம்பி, இன்று வான் ரீனன் கணவாயில் இறங்க மாட்டேன். காற்று மோசமாக இருக்கிறது."

"சுமையே இல்லையே அண்ணா, என்ன பயம்?"

"சுமை இல்லாததுதான் பயம். பாரம் இருந்தால் வண்டி தரையைப் பிடித்துக்கொள்ளும். வெறும் டிரெய்லர் பாய்மரம் மாதிரி."

டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர் எடுக்க வேண்டிய நேரம் தவறிக்கொண்டிருந்தது. தாமதத்தை உங்கள் பெயரில் எழுதுவேன் என்றேன். "எழுது" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல் இன்னும் என்னை உறுத்துகிறது.

2022 ஏப்ரலில் டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் அலுவலகமே பரபரக்கும். காற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை வண்டி அனுப்புகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

மாலையில் காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து வீசியது. ஜன்னல்கள் அதிர்ந்தன, மழை பக்கவாட்டில் அடித்தது. விடிந்தபோது டிராக்கன்ஸ்பெர்க் சிகரங்களில் வெள்ளை படிந்திருந்ததாக அந்த வழியாக வந்தவர்கள் சொன்னார்கள்.

அன்றிரவு கணவாயில் எந்த வண்டியும் கவிழவில்லை. வீணாக ஓர் இரவு போயிற்று என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நடக்காத விபத்துக்கு எந்த ஓட்டுநர் சான்று காட்ட முடியும்? சாலையில் கையில் ஸ்டீயரிங் இருப்பவருக்குத்தான் நிற்கும் உரிமை. திரையில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இல்லை.

தாமதப் படிவத்தில் இயந்திரக் கோளாறு, போக்குவரத்து நெரிசல், ஓட்டுநர் என்று மூன்று காரணங்கள்தான் அச்சிட்டிருந்தன. ஓட்டுநர் என்பதில் நான் போட்டிருந்த குறியை மறுநாள் காலை அடித்துவிட்டு, ஓரத்தில் "காற்று" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். அதையே திரும்பச் சொன்னேன்.