சிவப்பு மக்காச்சோளத்து போர்பன்

அமெரிக்காவில் கென்டக்கி போகிறேன் என்றதும் நண்பர்கள் அனுப்பிய விஸ்கிப் பட்டியலில் இருந்தவை எல்லாம் ஏர்போர்ட் கடையிலேயே கிடைக்கிற பெயர்கள். ஜிம் பீம் குடிக்க அவ்வளவு தூரம் போவானேன்? லூயிவில்லில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் ஐ-64 நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினோம். குதிரைப் பண்ணைகளைப் பார்த்தபடியே ஷெல்பிவில் வந்துவிட்டது. ஓட்டியது மனைவி. அவளுக்கு விஸ்கி வாடையே ஆகாது. எனக்கு அதில் ஒரு சௌகரியம்.

அங்கே ஜெப்தா கிரீட் டிஸ்டில்லரியை 2016-ல் திறந்தவர்கள் ஒரு அம்மாவும் மகளும். ‘பிளடி புட்சர்’ என்ற பழைய ரக மக்காச்சோளத்தைத் தங்கள் நிலத்திலேயே பயிரிட்டு அதிலிருந்து போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கியை வடிக்கிறார்கள். கவுன்டரில் ஒரு கிண்ணம் நிறைய அந்தச் சோளத்தை வைத்திருந்தார்கள். ஒரு மணியை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த மாதுளைத் தோலின் சிவப்பு, தலையில் சின்னக் குழி. கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரு அழுத்து அழுத்தியதும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெள்ளை மாவு. சிவப்பெல்லாம் தோலோடு சரி.

போர்பன் என்றால் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும், நிறமோ சுவையோ சேர்க்கக் கூடாது. இதெல்லாம் சட்டம். ஆனால் எந்த ரகச் சோளம் என்று சட்டம் கேட்பதில்லை. பெரும்பாலான ஆலைகள் மஞ்சள் சோளத்தைப் போட்டுவிட்டு மீதியை பீப்பாய் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றன. இவர்களுடைய நாலு தானிய போர்பனில் 70 சதவீதம் இந்தச் சிவப்புச் சோளம்; மிச்சம் ரை, கோதுமை, பார்லி.

டேஸ்டிங்கில் அள்ளி ஊற்றுவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். கென்டக்கியில் ஒரு ஆளுக்கு ஐம்பது மில்லி சொச்சம்தான் கணக்கு. நம்மூர் லார்ஜ் பெக்கில் ஒன்று கூடத் தேறாது. நாலு தானியத்தை முதல் வாய் சும்மா விழுங்கினேன், காரம்தான் தெரிந்தது. இரண்டாவது வாயை நாக்கில் புரட்டி, மெல்லுவது போல அசைபோட்டேன். அப்போதுதான் வந்தது, வாணலியில் வறுத்த சோள மாவின் வாசம். வெல்லப்பாகு பிறகு மெல்ல எட்டிப் பார்த்தது. வழக்கமான போர்பனில் முந்திக்கொண்டு நிற்கும் வெனிலா இதில் பின்வரிசை. சொட்டுத் தண்ணீர் விட்டதும் காரம் அடங்கி, ரையின் மிளகு தொண்டையில் நின்றது.

அடுத்தது ‘பாட்டில்ட் இன் பாண்ட்’. லேபிளில் இப்படிப் போட 1897-ல் வந்த சட்டம்: ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்திருக்க வேண்டும், குறைந்தது நாலு வருஷம் ஊறியிருக்க வேண்டும், சரியாக 50 சதவீத ஆல்கஹால். என் ஓட்டு இதற்குத்தான். சோளம் போகவில்லை, மரமும் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முந்தின நாள் லூயிவில்லில் நுழைந்த இன்னொரு சின்ன இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு கிளாஸ் ஈரப் பலகையை நக்கியது போல இருந்தது. சின்ன பீப்பாயில் ஊறவைத்த இளசு. சரி, மற்றதாவது பார்ப்போம் என்று அடுத்த பாட்டிலைத் திருப்பினால், வடித்தது பக்கத்து மாநிலமான இண்டியானாவில் என்று பொடி எழுத்து. அங்கே லாரன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய ஆலையிலிருந்து வாங்கித் தங்கள் லேபிளை ஒட்டும் பிராண்டுகள் ஏராளம். சரக்கு மோசமில்லை, சொல்லப்போனால் அதுதான் அங்கே நன்றாக இருந்தது. ஆனால் ‘எங்கள் கைப்பக்குவம்’ என்ற வசனத்துக்குக் கூடுதல் காசு தர மனசில்லை. சின்ன டிஸ்டில்லரி பாட்டில் வாங்கினால் முதலில் பின்பக்கம் படியுங்கள். ‘ஸ்ட்ரெயிட்’ என்று போட்டிருந்தால் இரண்டு வருஷமாவது ஊறியது. நாலுக்குக் கீழே என்றால் வயதையும் போட்டிருப்பார்கள்.

பாண்ட் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினோம். ராத்திரி ஹோட்டலில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவாமல் மேஜையில் வைத்தேன். ஆல்கஹால் பறந்த பின் அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கப் பழைய குடிகாரர்கள் செய்கிற வேலை அது.

காலையில் மனைவி கண் விழித்ததும், “ஏங்க, யாரு இங்க சோளம் சுட்டது?” என்றாள்.