தூக்காத நாட்கள்

ஜனவரி 6

பல் துலக்கக் குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. 24 ஆண்டுகளாக வீடு மாற்றுபவர்களின் பீரோவையும் கட்டிலையும் சலவை இயந்திரத்தையும் மாடிப்படிகளில் ஏற்றி இறக்கியவன் நான். அதற்கெல்லாம் மசியாத முதுகு, ஒரு பிரஷ்ஷைக் கையில் பிடித்திருந்தபோது மடங்கிவிட்டது. வாய் நிறைய நுரையோடு சுவரைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றேன். சிரிப்பு வந்தது. சிரித்தாலும் வலித்தது.

ஜனவரி 9

ஸ்கேன் முடிவு வந்தது. கீழ் முதுகில் எல்4-எல்5, அதற்கடுத்து எல்5-எஸ்1 என்று குறிக்கும் எலும்புகளுக்கு நடுவே, இரண்டு இடங்களிலும் வட்டு, அதாவது நாம் ஜவ்வு என்கிற மெத்தை, பிதுங்கியிருக்கிறதாம். “ஜவ்வு விலகிவிட்டதா?” என்று கேட்டேன். ஜவ்வு எங்கும் நழுவிப் போகாது, ஓரம் பிதுங்கும், அவ்வளவுதான் என்றார் மருத்துவர். வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும், 20 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 37 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிகிறதாம். “உங்கள் வலி உண்மை. ஆனால் இந்தப் படம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது” என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ கோபம் வந்தது. அந்தப் படத்தைச் சாட்சியாகக் கொண்டுபோய் மேற்பார்வையாளரின் மேசையில் வைக்கலாம் என்றிருந்தேன். கை ஒடிந்தவனுக்கு மாவுக்கட்டு இருக்கிறது. முதுகு வலிக்காரனிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? நிமிர்ந்து நின்றால் நன்றாகத்தானே இருக்கிறாய் என்கிறார்கள்.

ஜனவரி 10

இன்று கிடைத்த ஆலோசனைகள் ஏழு. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஏழு பேரில் ஒருவர்கூட எதையும் தூக்கிப் பிழைத்தவர் இல்லை.

ஜனவரி 14

மூன்று நாள் படுத்தே கிடந்தேன். எழுந்தபோது உடம்பு பலகைபோல விறைத்திருந்தது. பிசியோதெரபி தரும் அம்மா திட்டினார். பத்து நிமிடமானாலும் நடக்க வேண்டும், படுக்கை மருந்தாகாது என்கிறார்.

அவர் சொன்ன இன்னொன்றை மனம் அசை போட்டபடியே இருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் முதுகுக்கு அதிகச் சிரமம். நாங்களோ விடிவதற்கு முன்பே லாரியில் இருப்போம். இருப்பதிலேயே கனமான பொருளைத்தான் முதலில் தூக்குவோம், உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று. அதைப் புத்திசாலித்தனம் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே.

ஜனவரி 19

வலி இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்தது. சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார்கள். இரவில் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். வலித்தது. நல்லது.

ஜனவரி 27

மகள் ஒரு கணக்கைக் காட்டினாள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு. பொருளை உடம்பருகே வைத்து, இடுப்பைத் திருகாமல், நல்ல பிடியோடு, எப்போதாவது தூக்கினால் ஒருவர் தூக்கத்தக்க உச்ச அளவு 23 கிலோ. பொருள் அரை மீட்டர் தள்ளியிருந்தால் அதிலும் பாதிதான். பீரோவை யார் மார்போடு அணைத்துத் தூக்க முடியும்?

இருவர் பிடித்தால் ஆளுக்குப் பாதி என்பது சமதளத்துக்குத்தான் பொருந்தும். படியில் கீழே நிற்பவன் மீதுதான் பெரும்பங்கு இறங்கும். மேலே நிற்பவன் வழிகாட்டுவான், கீழே நிற்பவன் தாங்குவான். நான் எப்போதும் கீழே நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. “அவன் கீழே இருக்கிறான், பயமில்லை” என்று மேலிருந்து ஒரு குரல் வருமே, அதற்காக நின்றேன். அந்த ஒற்றை வாக்கியத்துக்காக எத்தனை மாடி இறங்கியிருப்பேன்!

பிப்ரவரி 3

இருபது நிமிட நடை. கால் நகத்தை நானே வெட்டிக்கொண்டேன். ஒரு காலில் மட்டும்.

பிப்ரவரி 11

எதிர்வீட்டில் பீரோவை இறக்கினார்கள். இரண்டு பையன்கள், மாடிப்படி திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்றேன். கைகள் தாமாகவே முன்னால் நீண்டன. அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன்.

“உள்ளே இருப்பதைக் காலி செய்தீர்களா?” என்றேன். செய்யவில்லை. துணிகளை எடுக்கச் சொன்னேன். கதவு திறந்துகொள்ளாமல் கயிறு கட்டச் சொன்னேன். “தலைப்பக்கம் மேலே வரட்டும், அடியை முதலில் திருப்பு. இன்னும் கொஞ்சம் சாய். இப்போது கீழே விடு.” மெல்ல இறங்கியது.

கீழ்ப்பக்கம் பிடித்திருந்த பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணே, நீங்களும் ஒரு கை கொடுத்திருக்கலாமே” என்றான்.

“அடுத்த முறை நீ மேலே நில்” என்றேன். அவனுக்குப் புரியவில்லை.