இரும்புக் கடாவைச் சாய்க்க ஒரு பிஸ்டல்: சென்னையில் தேர்ந்தெடுத்த அனுபவம்

சென்னையில் பிஸ்டல் சுடக் கற்றுக்கொள்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஒரே வழியில்தான் வருகிறார்கள். பத்து மீட்டர் தூரத்தில் காகித அட்டை, ஒற்றைக் கையில் ஏர் பிஸ்டல், மாவட்டப் போட்டி, பிறகு மாநிலப் போட்டி. 2024-இல் மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு இந்த வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. நானும் அதே வழியில் வந்தவன்தான். வயது நாற்பதைத் தாண்டி, புள்ளிகள் ஏறாமல் ஓரிடத்தில் நின்றுவிட்ட நிலையில், எங்கள் கிளப்பில் நாலைந்து பேர் சேர்ந்து உலோக நிழலுரு இலக்குகளைச் சுடலாம் என்று முடிவெடுத்தோம். கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கடா என்ற நான்கு விலங்குகளின் உருவில் வெட்டிய இரும்புத் தகடுகளை நான்கு தூரங்களில் நிறுத்திச் சுடும் விளையாட்டு இது. குண்டு பட்டால் போதாது, தகடு சாய வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் கணக்கில் சேராது. இதற்கு எந்த பிஸ்டல் ஏற்றது என்று தேடியபோது கிடைத்த விவரங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையையும் அங்குள்ள தட்பவெப்பத்தையும் வைத்துச் சொல்லப்பட்டவையாக இருந்ததால், சென்னையில் நான் தேர்ந்தெடுத்த விதத்தை எழுதி வைப்பது மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இந்த விளையாட்டின் ஊர் மெக்சிகோ. தொடக்கத்தில் உயிருள்ள விலங்குகளைக் கட்டிவைத்துச் சுட்ட வழக்கம் அங்கே இருந்தது. 1948-இல் அவற்றின் இடத்தில் இரும்புத் தகடுகள் வந்தன. அமெரிக்காவுக்குள் நுழைந்த பிறகு கைத்துப்பாக்கிக்கென்று தனிக் கிளை உருவாகி, 1976-இல் அதற்கென ஒரு சர்வதேசச் சங்கமும் தொடங்கப்பட்டது. பெரிய துப்பாக்கிகளுக்கான போட்டியில் கோழி 50 மீட்டரிலும் பன்றி 100 மீட்டரிலும் வான்கோழி 150 மீட்டரிலும் கடா 200 மீட்டரிலும் நிற்கும். ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள கடாவை 200 மீட்டரில் பிஸ்டலால் சாய்க்க வேண்டும் என்பதற்காகவே தாம்சன் சென்டர் கன்டெண்டர் போன்ற, குழலை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒற்றைக் குண்டு பிஸ்டல்கள் அங்கே புகழ்பெற்றன. படிக்கும்போது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊரில் தனிநபர் அப்படியொரு பிஸ்டலை இறக்குமதி செய்வது, தேர்ச்சி பெற்ற போட்டியாளர் என்ற அங்கீகாரம் இல்லாதவருக்கு நடக்கிற காரியம் அல்ல. உரிமம் கிடைத்தவருக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அந்த இரண்டில் ஒன்றை, இங்கே போட்டியே நடக்காத ஒரு விளையாட்டுக்கு யார் ஒதுக்குவார்கள்?

ஆகவே எங்கள் கண் ஏர் பிஸ்டல் மீது திரும்பியது. 0.177 அங்குல விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு இங்கே உரிமம் தேவையில்லை; வாங்குபவரின் அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் கடைக்காரர் கேட்பார், கொடுத்துவிட வேண்டும். நல்வாய்ப்பாக, சிலுவெட் என்று அழைக்கப்படும் இந்த நிழலுரு விளையாட்டிலும் ஏர் பிஸ்டலுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் இலக்குகள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். தூரங்கள் 10, 12.5, 15, 18 கஜம். கோழி மூன்று சென்டிமீட்டர் உயரத்தைச் சுற்றித்தான் இருக்கும். மீட்டர் அல்ல, கஜம் என்பதைக் கவனிக்க வேண்டும். 18 கஜம் என்பது பதினாறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

முதலில் எல்லோரும் சொன்னது ஒன்றே: பத்து மீட்டர் போட்டி பிஸ்டலையே எடுத்துக்கொள், அதைவிடத் துல்லியமானது உலகத்தில் இல்லை. துல்லியத்தைப் பற்றிய இந்தக் கூற்றில் தவறில்லை. மொரினி, ஸ்டெயர், வால்தர் போன்றவற்றை இறுகப் பிடித்துவைத்துச் சுட்டால் குண்டுக்கு மேல் குண்டு ஒரே துளையில் போகும். ஆனால் எங்கள் பயிற்சியாளர், பிஸ்டலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "துளை எங்கே விழுதுங்கிறது அப்புறம் பார்க்கலாம் சார், இதை ரெண்டு கையால பிடிச்சுக் காட்டுங்க" என்றார். பிடித்தபோதுதான் அவர் சொல்ல வந்தது விளங்கியது. அந்த மரப்பிடி ஒற்றைக் கைக்காகவே செதுக்கப்பட்டது. உள்ளங்கையைக் கீழிருந்து தாங்கும் பலகை இடது கை வந்து அணைய வேண்டிய இடத்தில் குறுக்கே நிற்கிறது. சிலுவெட்டில் நின்று சுடும்போது இரண்டு கைகளாலும் பிடிக்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். விலையும் லட்சத்தைத் தாண்டுகிறது. அதற்கு மேல், பத்து மீட்டர்காரர் ஒருமுறை சைட்டை, அதாவது குறிபார்க்கும் பாகத்தை, சரிசெய்தால் மாதக்கணக்கில் அதைத் தொட மாட்டார். சிலுவெட்காரரோ ஒரே சுற்றில் நான்கு முறை தொட வேண்டும். பின் சைட்டின் திருகு எத்தனை முறை முன்னும் பின்னும் திருகினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதே இந்த விளையாட்டில் பிஸ்டலுக்கு வைக்க வேண்டிய முதல் சோதனை என்ற முடிவுக்கு நான் அன்றுதான் வந்தேன். குழலின் துல்லியத்தை அதற்கு அடுத்த இடத்தில்தான் வைக்கிறேன்.

அடுத்து வந்தது கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும் பிஸ்டல். கிராஸ்மன் நிறுவனம் சிலுவெட்டுக்கென்றே 2300 எஸ் என்ற மாதிரியை, லோத்தர் வால்தர் குழலும் நல்ல பின் சைட்டும் பொருத்தி வெளியிட்டது என்பதால் எனக்கு அதன் மீது ஒரு கண் இருந்தது. 12 கிராம் குப்பியை மாட்டினால் கை வலிக்கப் பம்ப் அடிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வாயுவின் இயல்பைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். குப்பிக்குள் பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது: 21 டிகிரியில் ஏறத்தாழ 59 பார், 30 டிகிரியில் 70 பாரைத் தாண்டிவிடும். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே இருக்காது. அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது குப்பியில் எவ்வளவு மீதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சென்னையில் 31 டிகிரிக்குக் கீழே இருக்கும் பகல்கள் மார்கழி, தையோடு முடிந்துவிடுகின்றன. நண்பர் ஒருவரின் இத்தகைய பிஸ்டலைச் சித்திரை மாதத்தில் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். காலை ஏழு மணிக்குக் கடாவின் வயிற்றில் பட்ட சைட் அமைப்பு, பதினொரு மணிக்கு அதன் முதுகை உரசிக்கொண்டு போனது. குளிரான நாட்டில் இருப்பவர் இதற்கு நேர்மாறான தொல்லையைச் சொல்வார். நம் வெயிலில் அழுத்தம் மிகவும் ஏறினால், பிஸ்டலுக்குள் இருக்கும் சுத்தியலால் வால்வைச் சரியாகத் திறக்க முடியாமல் வேகம் குறைவதும் உண்டு. நான்கு தூரங்களுக்கும் சைட் கணக்கை அட்டையில் எழுதிவைத்துச் சுடும் விளையாட்டில், அந்தக் கணக்கு மணிக்கொரு தரம் மாறினால் என்ன செய்வது?

முன்கூட்டியே காற்றை நிரப்பிவைக்கும் பிசிபி வகையில் இந்தத் தொல்லை இல்லை. சிலிண்டரில் 200 பார் வரை நிரப்பினால் ஒரு முழுச் சுற்றைத் தாராளமாகச் சுடலாம். ஸ்கூபா சிலிண்டர் வசதி உள்ள கிளப்பில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். எங்களுக்குக் கைப்பம்ப் மட்டுமே இருந்தது. கடற்கரை ஊரின் ஈரக் காற்றைக் கைப்பம்பால் 200 பாருக்கு அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து சிலிண்டருக்குள் இறங்கும். சிலிக்கா ஜெல் வடிகட்டி மாட்டினாலும், நிறம் மாறிய மணிகளை அடிக்கடி வறுத்துக் காயவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங் பிஸ்டலை அதிக நேரம் யோசிக்கவில்லை. குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் உதைத்துவிடுகிறது. பிடியின் இறுக்கம் சிறிது மாறினாலும் குண்டு வேறிடத்துக்குப் போகும். விலை குறைவு, கடையில் எளிதில் கிடைக்கும், தோட்டத்தில் டப்பா சுட நன்றாக இருக்கும்.

மீதமிருந்தது ஒரே பம்ப்பில் காற்றை அழுத்தி, ஒரே குண்டைச் சுடும் வகை. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் தயாரான ஐஇசட்எச்-46எம் இதற்குப் பெயர்பெற்றது, 4.5 மில்லிமீட்டர் விட்டம், 280 மில்லிமீட்டர் குழல், எடை ஏறத்தாழ 1.3 கிலோ, குண்டின் வேகம் நொடிக்கு 140 மீட்டரைச் சுற்றி. அமெரிக்க சிலுவெட்காரர்கள் பலர் இதைக் கொண்டாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பம்ப்பின் கொள்ளளவுக்குத்தான் காற்று உள்ளே போகும் என்பதால் வேகத்தில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. வெயிலிலும் மழையிலும் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. போட்டியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த வீரர் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகத் தெரிந்து அண்ணா நகரில் அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமீது துணி விரித்து பிஸ்டலை வைத்தார். குழலடியில் இருக்கும் பம்ப் நெம்புகோலின் கைப்பிடியில் கறுப்புப் பூச்சு தேய்ந்து இரும்பு பளபளத்தது. எவ்வளவு உழைத்த பிஸ்டல் என்பதற்கு அதுவே சாட்சி. "தம்பி, இதுல கெட்டுப்போறதுன்னா பம்ப் சீல் ஒண்ணுதான், அதைச் சோதிக்காம வாங்காதீங்க" என்று அவரே சொன்னார்.

சோதனையும் எளிதுதான். பம்ப் அடித்த உடனே சிலவற்றைச் சுட்டு வேகமானியில் குறித்துக்கொண்டோம். பிறகு பம்ப் அடித்து, குழலைக் குண்டு தாங்கும் பெட்டியை நோக்கியே வைத்து, சில நிமிடங்கள் காத்திருந்து சுட்டோம். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாததால் சீல் காற்றைப் பிடித்துநிற்கிறது என்று தெரிந்தது. அடுத்ததாகப் பின் சைட்டை மேலே பன்னிரண்டு க்ளிக் (திருகின் ஒவ்வொரு படியும் ஒரு க்ளிக்) ஏற்றி, மறுபடி பன்னிரண்டு இறக்கி, காகிதத்தில் பழைய துளைக்கே குண்டு திரும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பியது. ட்ரிகர் முதல் கட்டத்தில் தளர்வாக வந்து, இரண்டாவது கட்டத்தில் கண்ணாடி உடைவது போல் சட்டென்று விட்டது. உள்ளங்கைப் பலகையைக் கழற்றிவிட்டால் இரண்டு கைகளாலும் வசதியாகப் பிடிக்க முடிந்தது. அசல் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் இதில் கூச்சப்பட வேண்டாம்.

சைட் கணக்கு போடுவதுதான் இதில் சுவையான பகுதி. 10 கஜத்தில் நடுவில் படும்படி வைத்த சைட்டோடு 18 கஜத்தில் சுட்டால் குண்டு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. பத்தில் ஒரு பங்குக் கடாவின் உடலே மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன்தான் என்பதால் அதன் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்கு நடுவே குண்டு போய்விடும். இன்னொன்று: இலக்கும் கறுப்பு, முன் சைட்டும் கறுப்பு. நடுவில் வைத்துக் குறிபார்த்தால் என்னைப் போல வாசிப்புக் கண்ணாடி போட்டவருக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்து எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் முன் சைட்டின் தட்டையான உச்சியை விலங்கின் வயிற்றுக் கோட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல் வைத்து, குண்டு அதற்கு மேலே உடலின் நடுவில் படும்படி நான்கு தூரங்களுக்கும் தனித்தனியே க்ளிக் எண்ணிக்கை கண்டுபிடித்தேன். வான்கோழிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. அதன் உடல் உயரமாகவும் கால் ஒற்றையாகவும் இருப்பதால் சைட்டை வைக்க ஒரு நேர்க்கோடு கிடைப்பதில்லை. வாலடியை அடையாளமாகக் கொள்கிறேன். இன்றும் அதிகம் தப்புவது அதுதான், உலகம் முழுக்க அதே கதை என்று கேள்வி.

தகடுகளை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேசரில் வெட்டிக்கொண்டோம். வரைபடத்தைக் கணினியில் கொடுத்தால் அரைநாள் வேலை. அடிப்பாதத்தை அகலமாக வைத்துவிட்டால் ஐந்து ஜூலுக்கும் குறைவான ஆற்றலோடு வரும் குண்டால் கடாவைத் தள்ள முடியாது என்பதை மட்டும் வெட்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ஈயக் குண்டைத் தவிர வேறெதையும் இரும்பின்மீது சுடக் கூடாது. இரும்பு உருண்டைகள் தெறித்து நேராகச் சுட்டவரிடமே திரும்பும். பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் கட்டாயம். மொட்டைமாடி இதற்கான இடமே அல்ல. எங்கள் கிளப் ரேஞ்ச் கிடைக்காத நாட்களில் மதுராந்தகம் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில், உயரமான மண்கரைக்கு முன்னால் மட்டுமே சுடுகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்து இலக்குகளுக்கு இரண்டு நிமிடம் என்ற விதிக்குள் ஒவ்வொரு குண்டுக்கும் பம்ப் அடித்து, குண்டு போட்டு, மூச்சை நிதானப்படுத்திச் சுட வேண்டியிருக்கிறது. நாற்பது இலக்கு முடியும்போது வலது தோள் சொல்லிவிடும். பிசிபி வைத்திருக்கும் நண்பர் அந்த நேரத்தில் வெறுமனே நின்றுகொண்டிருப்பார். கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல் வைத்திருப்பவர் மார்கழியில் என்னைவிட நன்றாகவே சுடுகிறார். பங்குனியில் வரச் சொல்லியிருக்கிறேன். பம்ப் சீலுக்கு மாற்றுத் துண்டு உள்ளூரில் தயாராகக் கிடைப்பதில்லை, அதனால் அளவெடுத்து பாரிமுனையில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் விற்கும் கடைகளில் ஒத்த அளவைத் தேடி, எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரகத்தில் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பழையது காற்றைக் கசியவிடத் தொடங்கும்போது அவை பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.