பீரோவில் இருந்த பத்திரம்

"டிகிரி இருக்காம்மா?" என்று வக்கீல் கேட்டதும் "பி.காம் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பாவம், இதே பதிலை எத்தனை பேர் சொல்லிக் கேட்டாரோ. அவர் கேட்டது, விவாகரத்து கொடுத்து நீதிமன்றம் போடும் தீர்ப்பாணையை.

என்னிடம் இருந்ததோ 20 ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்த இரண்டு பக்கம். "இன்று முதல் ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது" என்று எழுதி நானும் கணவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். கீழே சாட்சிகளாகப் பெரியவர்கள் நாலு பேர், பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை. நாலு வருஷம் அதை நகைப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். 'அத்துவிட்டாச்சு' என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பேச்சு.

"நீங்க பிரிஞ்சிருக்கீங்கன்னு காட்ட இது உதவும். விவாகரத்து இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். இந்துத் திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றம்தான் முறிக்க முடியும். சில சமூகங்களின் வழக்கப்படி தீர்த்துவிடுவதை அந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருப்பதை நிரூபிப்பது நம் தலையில் விழும். பத்திரத்தை நம்பி நான் மறுமணம் செய்திருந்தால் அது செல்லாது. கணவர் புகார் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை. மாப்பிள்ளை பார்த்து முடித்த பிறகு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்!

நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லையே, தானாக ரத்தாகாதா? ஆகாது, நாற்பது வருஷம் ஆனாலும். இரண்டு வருஷம் கைவிட்டுப் போயிருந்தால் வழக்குப் போட அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

நல்லவேளை, அவருக்கும் சம்மதம். ஒரு வருஷம் பிரிந்திருந்தாலே 13பி பிரிவில் சேர்ந்து மனு போடலாம். அதற்குப் பின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி போய் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் பேசித் தீர்ந்திருந்தால்தான் அதைக் கேட்கவே முடியும். நான்தான் பழைய பத்திரத்தில் 'மகளுக்காக எதுவும் கேட்க மாட்டேன்' என்று ரோஷத்தில் எழுதிக் கொடுத்திருந்தேனே. "அது குழந்தையோட உரிமைம்மா. அதை விட்டுக்கொடுக்க நீங்க யாரு?" என்றார் வக்கீல். சுருக்கென்றது. மகளின் செலவுக்குத் தொகை முடிவாகவே மாதங்கள் ஓடின. கடைசி நாள் வரை சம்மதத்தை யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதால் வாய்தாவுக்கு வாய்தா வயிற்றைக் கலக்கும்.

தீர்ப்பு நாளில் "யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், பசிதான் வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன். சான்றிட்ட நகலுக்குத் தனியாக மனு போட வேண்டுமாம், அதில் கையெழுத்துப் போடாமலே வந்துவிட்டேன். வக்கீலின் குமாஸ்தா கத்தினார்: "ஏம்மா, உங்களுக்கு டிகிரி வேணாமா?"