பூங்குழலிக்கு எந்தக் காற்று?

பிள்ளைகளிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்து, படித்து முடித்ததும் கருத்துக் கேட்டால், முதலில் வாயில் வருவது அவர்களுடைய கருத்தாக இருப்பதில்லை. "கதை மிகவும் அருமையாக இருந்தது, பெரியோர் சொல் கேட்க வேண்டும் என்ற நீதியைக் கற்றுக்கொண்டேன்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். தேர்வில் கதைச் சுருக்கத்துக்கு மதிப்பெண் உண்டு, நீதிக்கும் உண்டு. பிடிக்கவில்லை என்று எழுதினால் கிடையாது. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை அடுத்த எங்கள் ஊரில், என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஆகவே அருமை என்று சொல்லக்கூடாது, நீதி சொல்லக்கூடாது என்று மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். இரண்டும் இல்லாமல் பேசச் சொன்னால் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஏதாவது ஒரு மூலையிலிருந்து, "நடுவில் போரடித்தது அக்கா" என்று ஒரு குரல் வரும். பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கும்.

திரைப்படங்கள் 2022லும் 2023லும் வந்த பிறகு, ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்கள் சிலர் பொன்னியின் செல்வனைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த இந்த ஐந்து பாக நாவல் சிறுவர்களுக்காக எழுதப்பட்டதன்று; ஆனாலும் பதின்ம வயதில் தமிழில் ஒரு பெரிய புத்தகத்தைத் தொட நினைப்பவர்கள் இன்றும் முதலில் தொடுவது அதைத்தான். குந்தவையா நந்தினியா என்று கட்சி கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் பிடித்துக்கொண்டது பூங்குழலியை. கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனைப் படகில் ஏற்றிக்கொண்டு, இரவில், தனியொருத்தியாகத் துடுப்பு வலித்து ஈழத்துக் கரைக்குக் கொண்டுபோகிறாளே, அந்தப் பெண். வெளியூர் வாசகர் அவளுடைய பாட்டையும் துணிச்சலையும் வியந்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். எங்கள் கூடத்தில் எழுந்த முதல் கேள்வி, அன்றைக்கு என்ன காற்று என்பது.

கதை ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. படகுப் பயணம் அதற்குச் சில வாரங்கள் கழித்து. அப்படியானால் கச்சான் காலம் முடிந்திருக்காது என்றாள், பாசி எடுக்கத் தாய் கடலுக்குப் போகும் வீட்டுப் பெண் ஒருத்தி. உடனே பள்ளி நிலப்படப் புத்தகத்தை விரித்தார்கள். கோடிக்கரைக்கு ஈழம் தெற்கே இருக்கிறது. கச்சான் மேற்கிலும் தென்மேற்கிலுமாக வரும். ஆகவே அது மூஞ்சிக்கு நேராக அடிக்காது, வலப்பக்கத்தில் அடித்துப் படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கும், அதைச் சரிக்கட்டவே ஓர் ஆளின் கை ஓய்ந்துவிடும் என்பது அவள் வாதம். இரவில் காற்றுத் தணியும், அதனால்தான் பூங்குழலி இரவில் புறப்பட்டிருக்கிறாள், கல்கிக்குக் கடல் தெரிந்திருக்கிறது என்று மற்றொருத்தி எதிர்வாதம் செய்தாள். நீரோட்டம் பற்றி மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பியது. நெடுநேரம் கழித்து ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள்: பூங்குழலியால் முடியும், ஆனால் மறுநாள் தோள்வலியைப் பற்றி ஆசிரியர் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். எழுபது ஆண்டுகளாக அந்த நாவலைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தத் தோளை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தோன்றியதில்லை.

சின்னவர்களின் கருத்து பெரும்பாலும் படத்தைப் பற்றியது. நாங்கள் இருப்பது இரண்டு கடலுக்கு நடுவில். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது இது அப்படியே மாறும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் இது தெரியும். ஆனால் படக்கதைகளில் கடல் என்றால் எந்த மாதமாக இருந்தாலும் வளைந்து சுருண்ட நீல அலை, ஒரு மஞ்சள் சூரியன், ஒரு தென்னை மரம். மீனவர் ஒருவர் படகில் உட்கார்ந்து தூண்டில் கழியைப் பிடித்திருந்த படத்தைப் பார்த்து, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "இவர் லீவுக்கு வந்தவர்" என்றான். வலை இல்லை, ஐஸ்பெட்டி இல்லை, கூட ஆள் இல்லை. பிழைப்புக்குப் போகிறவர் அப்படிப் போகமாட்டார் என்பது அவன் காட்டிய சான்று. நிலா வெளிச்சத்தில் வலை நிறைய மீன் பட்டதாக முடிந்த ஒரு கதையையும் அவர்கள் ஏற்கவில்லை. நிலவு காலத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், ஆகவே கதை பொய். கதை என்றாலே பொய்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். பேய் வந்தால் நம்புவார்களாம், நிலவில் மீன் பட்டால் நம்பமாட்டார்களாம்.

இதில் கேலி மட்டும் இல்லை. கடல்வளப் பாதுகாப்பைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்தாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது, பவளப்பாறைகள், கடற்புல், கடற்புல்லை மேயும் ஆவுளியா எனப்படும் கடல்பசு எல்லாம் அதில் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. எங்கள் குறிப்பேட்டில் அவள் எழுதிய கருத்து இது: "இந்தப் புத்தகத்தில் மீன் இருக்கிறது, பவளப்பாறை இருக்கிறது, ஆவுளியா இருக்கிறது. எங்கள் அம்மா இல்லை." அவள் தாய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி, அந்தத் தீவுகளைச் சுற்றியே பாசி பறித்துக் குடும்பம் நடத்துகிறவர். தீவில் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம் என்று அவளுக்குத் தெரியும். எதற்காக அந்தச் சட்டம் என்பதையும் அதே புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டிருந்தாள். புத்தகம் தவறு என்று அவள் சொல்லவில்லை. அதில் ஒரு ஆள் குறைகிறது என்றாள். அந்த நூலாசிரியர் எங்கள் குறிப்பேட்டைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

உதயசங்கர் எழுதி, சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2023ஆம் ஆண்டுக்குப் பெற்ற ஆதனின் பொம்மை கீழடியை மையமாகக் கொண்ட கதை. பையன்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் பிடித்ததையும் ஒரு மனக்குறையாகத்தான் வெளிப்படுத்தினார்கள். சிவகங்கை மாவட்டத்துக்குக் கதை இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை என்பது அந்தக் குறை. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே நம் மாவட்டத்து அழகன்குளம் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் ரோமானிய மட்கலங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. அந்த ஓட்டில் கப்பலைக் கீறியது யார், பார்த்ததைக் கீறினாரா, தான் ஏறி வந்ததைக் கீறினாரா என்று அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர்கள், புத்தகத்தை மறந்துவிட்டு ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவற்றில் ஒன்றில், கீறியவன் தன்னை அழைத்துப்போகாத கப்பலின் மேல் கோபத்தில் கீறுகிறான். அந்தக் கதையைச் சொன்ன பையனிடம் அதை எழுதித் தரச் சொன்னால் எழுத்துப்பிழை வரும் என்று மறுத்துவிட்டான்.

ராமேசுவரம் தீவில் இருந்துகொண்டு அப்துல் கலாமின் தன்வரலாறான அக்னிச் சிறகுகளைப் பற்றிக் குறை சொல்வது லேசான காரியமில்லை. பள்ளி விழாக்களில் பரிசாக வந்து, பல வீடுகளில் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுடன் நிற்கும் புத்தகம் அது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் துணிந்து சொன்னான்: முதல் பகுதி போகிறது, ராக்கெட் வந்த பிறகு போகவில்லை. மற்றவர்கள் திகைத்து என்னைப் பார்த்தார்கள். எதுவரை போனது என்று கேட்டேன். கலாமின் தந்தை படகு கட்டியது, அதைப் புயல் கொண்டுபோனது, போர்க்காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காததால் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சிறுவன் கலாம் பொறுக்கியது எல்லாவற்றையும் அவன் வரிவிடாமல் சொன்னான். எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் தம் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களைக் கலாமுக்குப் படிக்கக் கொடுத்ததையும் அவன் கவனித்திருந்தான். "அவருக்கு மாணிக்கம் வீடு இருந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினான். அந்த நூலைப் பாராட்டி மேடையில் பேசுகிறவர்களைவிட இவன் நன்றாகப் படித்திருக்கிறான் என்பது என் எண்ணம்.

யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம், 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தெரிந்த மனிதர் ஒருவரின் தவறான தொடுதலை ஒரு சிறுமி வெளியே சொல்லத் துணிவதைப் பேசுகிறது. இதைக் கூடத்தில் வைத்துப் பேச முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. படித்தவர்கள் அனைவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் பிஸ்கட் டப்பாவில் போடலாம் என்றதும் டப்பா நிறைந்தது. என்ன எழுதியிருந்தார்கள் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பையன்களின் கையெழுத்தும் அதில் இருந்தது என்பதைச் சொல்லலாம். பக்கத்துத் தெருத் தாய் ஒருவர் வந்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்குக்கா?" என்று கேட்டார். புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மகளை அடுத்த சனிக்கிழமையிலிருந்து அனுப்பத் தொடங்கினார். மற்ற எந்தப் புத்தகத்தையும்விட இதற்குத்தான் பொதுப் பேச்சில் குறைவான கருத்தும், எழுத்தில் நீளமான கருத்தும் கிடைத்தன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளியும் கோடை விடுமுறை. அந்த நாட்களில் கூடத்து வாசலில் வலை பொத்திக்கொண்டே கேட்டிருக்கும் பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவர், 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவைத் தம் சிறுவயதில் சலூனில் உட்கார்ந்து படித்தவர், விக்கிரமாதித்தன் வேதாளம் கதை ஒன்றைச் சொன்னார். பிள்ளைகள் அதைக் கேட்ட விதத்தைப் பார்த்து எனக்கு ஒன்று தெளிந்தது: வேதாளம் கதையை முடித்துவிட்டு நீதி சொல்வதில்லை, கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்று மிரட்டவும் செய்கிறது. அரசன் சொன்ன பதில் சரியில்லை என்று அன்று பிள்ளைகள் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். சொன்னவருக்குக் கொஞ்சம் வருத்தம்; அவர் அந்தப் பதிலை இத்தனை வருடமாக நம்பிவந்திருக்கிறார்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது. பத்து வயது வரைக்கும் தமிழில் இப்போது நல்ல புத்தகங்கள் நிறையவே வருகின்றன. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வெளியிட்ட சிறு நூல்களை எங்கள் சின்னவர்கள் கிழியும்வரை படித்தார்கள். "பறந்தாச்சு, எங்கே இறங்குறது?" என்று கேட்டான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன ஒருவன். அவனுக்குக் கொடுக்க என்னிடம் அதிகம் இல்லை. நூலகத்தில் சிறுவர் பகுதியில் போய் நிற்க அவனுக்குக் கூச்சம்; பெரியவர் பகுதியில் எடுப்பது பாதியில் நின்றுவிடுகிறது. பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்டவர்களின் சண்டையையும் காதலையும், பரீட்சையில் தவறியதையும், படிப்பை விட்டுவிட்டுப் படகுக்குப் போகலாமா என்ற யோசனையையும் அவர்களுடைய வயதிலிருந்தே எழுதிய தமிழ் நாவல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருப்பவையும் பாம்பன் பாலத்தைத் தாண்டி இங்கே வருவதற்கு, யாராவது மதுரைக்கோ சென்னைக்கோ போய்வர வேண்டியிருக்கிறது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப, பெரிய பிள்ளைகள் தாங்களாகவே ஒரு தாள் எழுதிவைத்திருக்கிறார்கள். பொடி எழுத்து வேண்டாம். அட்டையில் சிறுவர் நாவல் என்று போட்டிருக்க வேண்டாம். கதாநாயகி கடைசியில் கலெக்டர் ஆக வேண்டாம். கடல் வந்தால் நல்லது, டால்பின் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது. கடைசி வரியைச் சின்னவர்கள் எதிர்த்தார்கள். டால்பின் பேசலாம், ஆனால் வலையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் அது பேச வேண்டும் என்று அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.