கார் ஷெட்டில் ஆறு தொட்டிகள்

ஜனவரி 18

போகிக்கு ஷெட்டைக் காலி செய்தோம். அப்பாவின் அம்பாசடரை விற்று நாலு வருஷமாகிறது. தரையில் அதன் எண்ணெய்க் கறை மட்டும் இன்னும் இருக்கிறது. பழைய டயர், உடைந்த நாற்காலி எல்லாம் காயலான் கடைக்குப் போன பிறகுதான், பெரம்பூரில் இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறோம் என்று உறைத்தது. ஹாலில் இருக்கும் ஒற்றைத் தொட்டியில் மோலி மீன் குட்டிகளுக்கு இடம் போதவில்லை. ஷெட்டை மீன் அறையாக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கொசு வராம பாத்துக்கோடா. கரண்ட் பில்லு ஏறுச்சுன்னா நீதான் கட்டணும்."

சம்மதம் கிடைத்துவிட்டது. மொத்தச் செலவு 12,000 ரூபாயைத் தாண்டக்கூடாது.

ஜனவரி 20

தொட்டி வாங்கும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: போர் தண்ணீர் 1,150, மெட்ரோ தண்ணீர் 310. மனசுக்குள் நியான் டெட்ரா மீன் வளர்க்கும் ஆசை ரொம்ப நாளாக உண்டு. அதற்கு உப்பு குறைந்த, மென்மையான தண்ணீர் வேண்டும், அதாவது ஆர்.ஓ. மெஷின். ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்க அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டியிருக்கும். 2019 கோடையில் லாரிக்காக ராத்திரியெல்லாம் குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருந்த தெரு இது. என்னால் முடியாது.

மோலி, கப்பி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் செழிப்பாக வளரும். மோலி கொஞ்சம் உப்பையும் தாங்கும். குழாயில் வரும் தண்ணீருக்கு ஏற்ற மீனை வளர்த்தால் பாதிச் செலவு அங்கேயே மிச்சம். ஆறு தொட்டியும் குட்டி போடும் மீன்களுக்கே.

ஜனவரி 25

காலையிலேயே கொளத்தூர். அந்தத் தெருக்களில் நடந்தால் பை பையாகத் தொங்கும் மீன்களைப் பார்த்து நேரம் போவதே தெரியாது. புதுத் தொட்டி விலை கேட்டுவிட்டு, பழசு இருக்கிறதா என்று விசாரித்தேன். "வீடு மாத்திட்டுப் போறவங்க குடுத்தது பின்னாடி கெடக்கு சார். லீக்கு இருந்தா நான் பொறுப்பில்ல" என்றார் கடைக்காரர். ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், 5 எம்.எம். கண்ணாடி. ஒன்று 450 ரூபாய் என்று ஆறு எடுத்தேன்.

மூடும் கடை ஒன்றிலிருந்து துளை போட்ட இரும்புச் சட்டத்தாலான ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் 1,800க்குக் கிடைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டிக்கு 50 லிட்டர், கண்ணாடி ஒன்பது கிலோவுக்கு மேல். ஆக ஒரு தட்டில் ரெண்டு தொட்டி வைத்தால் 120 கிலோ. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கூடுதலாக ஒரு ஆங்கிள் போட்டு போல்ட் முடுக்கினேன். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல். மழைக்காலத்தை நினைத்து அடித்தட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி வைத்தேன்.

பிப்ரவரி 1

ஆறில் ரெண்டு கசிந்தது. கண்ணாடியை ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கான் பசை மேல் புதுசு ஒட்டாது. பிளேடால் மூலை மூலையாகச் சுரண்டி, துடைத்து, புதிதாகப் போட்டேன். பாத்ரூமுக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானில் மீனுக்கு ஆகாத மருந்து இருக்கும், அதைத் தொடவே கூடாது. காயும்போது ஷெட் முழுக்க வினிகர் வாசம். ரெண்டு நாள் விட்டுத்தான் தண்ணீர்.

பிப்ரவரி 8

தொட்டிக்கு ஒரு மோட்டார் ஃபில்டர் என்று வாங்கியிருந்தால் பட்ஜெட் காலி. அதனால் ஆறுக்கும் சேர்த்து 35 வாட் ஏர் பம்ப் ஒன்று. பிவிசி பைப்பை ரேக்கைச் சுற்றி வளையமாக்கி, துளை போட்டு வால்வு வைத்தேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். இந்தப் பம்ப் நாளெல்லாம் ஓடினால் 0.84 யூனிட், ரெண்டு மாச பில்லில் 50 யூனிட். அம்மாவிடம் எழுதிக் காட்டினேன்.

பிப்ரவரி 11

ராத்திரி கரண்ட் போயிற்று. காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். பம்பைத் தரையில் வைத்திருந்தேன், பைப் வளையமும் அடித்தட்டு உயரத்தில். காற்று நின்றதும் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்ப இறங்கி, ஒரு தொட்டி முக்கால்வாசி வடிந்து, பம்புக்குள்ளும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேலும் ஓடியிருக்கிறது. கரண்ட் வந்திருந்த நேரம். நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். கை நடுக்கம் அடங்கச் சாயங்காலம் ஆனது. பாப்பா பள்ளிக்கூடம் போகும்முன் தினமும் இங்கே ஓடி வருகிறவள்.

பிப்ரவரி 14

எலக்ட்ரீஷியனை வைத்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டாயிற்று, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது. கூலியோடு 2,400. இந்த அறையில் நான் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே பணம். பம்பைப் பிரித்துக் காயவைத்ததில் பிழைத்துக்கொண்டது. அதையும் பைப் வளையத்தையும் ரேக்கின் உச்சிக்கு ஏற்றி, ஒவ்வொரு டியூபிலும் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டினேன். வயர்கள் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறுகின்றன. ஒழுகும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பம்புக்கு வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன்.

பிப்ரவரி 16

ஹால் தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து அழுக்குத் தண்ணீரை ஆறிலும் ஊற்றினேன். அந்த அழுக்கில்தான் பாக்டீரியா இருக்கிறது. அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் வேலையை அவை பழகும்வரை மீன் கிடையாது. தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும், அது அழுகினால்தான் அவற்றுக்கு அமோனியா கிடைக்கும். நம் போர் தண்ணீரின் பி.எச். 8, அதாவது கொஞ்சம் காரத்தன்மை உள்ளது. அந்தத் தண்ணீரிலும் சென்னைச் சூட்டிலும் அமோனியாவின் விஷம் அதிகம். "தொட்டி வெச்சுட்டு மீன் எங்கப்பா?" என்று பாப்பா தினமும் கேட்கிறாள்.

மார்ச் 10

மூன்று நாளாக அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். ஹாலிலிருந்து கறுப்பு மோலி எட்டு, கொளத்தூரிலிருந்து கப்பி பத்து. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவேன். அதற்காக மெட்ரோ தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் விட்டு, ஒரு நாள் வைக்கிறேன். குளோரின் வாடை போய்விடுகிறது. டிரம் வாயை அப்பாவின் பழைய வேட்டியால் கட்டியிருக்கிறேன். கொசு நுழைய வழியில்லை.

ஏப்ரல் 5

கப்பித் தொட்டியில் குட்டிகள். மிதக்கும் செடிக்குள் ஒளிந்தவை பிழைத்தன. பாப்பா எண்ணியதில் 23. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி ரெண்டு சொட்டு பிழிகிறோம். கொஞ்சம் மிஞ்சினாலும் தண்ணீர் கெட்டுவிடும்.

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. ஷட்டர் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல்தட்டில் 33 டிகிரி, அடித்தட்டில் 30. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மேல்தட்டு மோலிகள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூடிகளை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பினேன். தீனியைப் பாதியாக்கினேன். ஆறு மணிக்கு 31.

ஷட்டரின் உள்பக்கம் ஒட்டத் தெர்மாகோல் ஷீட் நாலு வேண்டும். இதுவரை 11,300 ஆகியிருக்கிறது, கணக்குக்குள் வந்துவிடும். அதுவரை மேல்தட்டு மோலிகளை எல்லாம் அடித்தட்டுக்கு இறக்கிவிட்டேன். அம்மா வந்து ஒரு தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஷட்டர்ல ஈரச் சாக்கு தொங்க விடுடா" என்றாள். மாடியில் ரெண்டு கோணி கிடக்கிறது.