ஜனவரியில் ரிஷ்ரான்ஷ்: காணிக்கைக் கூடையில் காளான் விழும் ஊர்

பாரிஸில் ஜனவரி என்றால் பலரும் பனிச்சறுக்குக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். எனக்கும் அக்காவுக்கும் அதில் நாட்டமில்லை. குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பதைத் தேடிப் போய்ச் சாப்பிடலாம் என்று தெற்கே ப்ரொவான்ஸில் உள்ள ரிஷ்ரான்ஷைத் தேர்ந்தெடுத்தோம். ஓக் மர வேர்களை ஒட்டி மண்ணுக்குள் விளையும் கறுப்பு ட்ரஃபிள் காளானுக்குப் பிரான்ஸில் பேர்போன சந்தை அங்கேதான் கூடுகிறது.

முதலில் தேதியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை சனிக்கிழமை காலைகளில் சந்தை. ஜனவரி மூன்றாவது ஞாயிறு, வனத்து அந்தோனியார் பெயரில் ட்ரஃபிள் பூசை. ஆக, அந்த வார இறுதியில் போனால் இரண்டும் கிடைத்துவிடும். டிசம்பரில் போகலாமே என்று அக்கா கேட்டாள். கிறிஸ்துமஸ் கிராக்கியில் விலை ஏறியிருக்கும், காளானும் ஜனவரியில்தான் நன்றாக முற்றி மணக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

ரிஷ்ரான்ஷுக்கு ரயில் கிடையாது. பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் அவிஞோன் வரை இரண்டே முக்கால் மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் வடக்கே சுமார் ஒரு மணி நேரம். தங்குவதற்குப் பக்கத்து ஊரான வால்ரேயாஸில் சமையலறையுள்ள சின்ன வீடாகப் பார்த்தேன். காலை உணவு தரும் ஹோட்டல்தான் வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். ஆனால் இந்தப் பயணத்துக்குச் சமையலறைதான் முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

வழியில் ஒரு வேடிக்கை. ட்ரோம் மாவட்டத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே வோக்லூஸ் மாவட்டப் பலகை வரும், கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ட்ரோம். போப்பாண்டவர்கள் அவிஞோனில் இருந்த காலத்தில், 1317இல், 22ஆம் ஜான் வால்ரேயாஸை விலைக்கு வாங்கினார். அந்தப் பழைய போப் நிலம்தான் இன்றும் நாலாபுறமும் ட்ரோம் சூழ, வோக்லூஸின் துண்டாகத் தனியே கிடக்கிறது.

சந்தையில் இரண்டு உலகங்கள் உண்டு. ஒரு பக்கம் மொத்த வியாபாரம்: தரகர்கள் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துத் தராசோடு நிற்பார்கள். விவசாயி துணிப்பையோடு வருவார், காதோடு காதாக நாலு வார்த்தை பேசுவார்கள், ரொக்கம் கை மாறும். நமக்கு அங்கே வேலையில்லை, தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம். சில்லறைக் கடைகள் தெருவில் தனியாக இருக்கின்றன. காளானை மோந்து பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அக்கா ஒன்றை மூக்கருகே வைத்தவுடன், “என்னடி, பெருங்காய டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு!” என்றாள். தப்பில்லை, இரண்டின் வாசனைக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். நாயும் பன்றியும் மண்ணுக்கடியில் இருப்பதை மோப்பம் பிடிப்பதும் அதை வைத்துத்தான். இப்போது பெரும்பாலும் நாய்கள்தான் வேலைக்கு. பன்றி, கண்டுபிடித்ததைத் தானே தின்றுவிடும்.

வாங்கும்போது அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். தோலை லேசாகக் கீறிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கருமை, அதில் மெல்லிய வெள்ளை நரம்புகள் நெருக்கமாக ஓடினால் அது மெலனோஸ்போரம், அதாவது அசல் கறுப்பு ட்ரஃபிள். நரம்புகள் தடித்து இடைவெளி விட்டிருந்தால் புரூமாலே என்ற மலிவு ரகமாக இருக்கலாம், அதற்கு அதே விலை கொடுக்காதீர்கள். சில்லறையில் கிலோ ஆயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தொடும். பயப்பட வேண்டாம், ஆளுக்குப் பத்து கிராம் போதும்.

இங்கேதான் சமையலறை. வாங்கிய காளானை முட்டைகளோடு ஒரே டப்பாவில் மூடி வைத்தோம். முட்டை ஓடு வழியாக மணம் உள்ளே இறங்கிவிடும். ராத்திரி வெண்ணெயில் சிறு தீயில் முட்டையைக் கிண்டி, கடைசியில் மேலே சீவிப் போட்டோம். அதிகம் சூடேறினால் மணம் போய்விடும். மசித்த உருளைக்கிழங்கிலும் பாஸ்தாவிலும் போடலாம் என்பதால் கறி சாப்பிடாதவர்களுக்கும் இது நல்ல ஊர். உணவகங்களில் ட்ரஃபிள் விருந்து உண்டு. விலைக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. பாட்டிலில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயை மட்டும் தொடாதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது செயற்கை வாசனை.

ஞாயிறு பூசைக்குச் சீக்கிரமே போய்விடுங்கள், சின்னக் கோவில், இடம் கிடைக்காது. கறுப்பு அங்கியும் தொப்பியும் பதக்கமுமாக ட்ரஃபிள் சங்கத்தார் ஊர்வலமாக வருகிறார்கள். காணிக்கைக் கூடை சுற்றி வரும்போது காசோடு முழு ட்ரஃபிள்களும் விழுகின்றன. பூசை முடிந்ததும் அவற்றை எடைபோட்டு வெளியே ஏலம் விடுகிறார்கள், பணம் கோவிலுக்கு. அந்தோனியார் சிலையின் காலடியில் பன்றி இருப்பதைக் கவனித்த அக்கா, “பொருத்தமான ஆளைத்தான் புடிச்சிருக்காங்க” என்றாள்.

அப்புறம் குளிர். வெப்பமானியைப் பார்த்து ஏமாறாதீர்கள், மிஸ்திரால் காற்று அடித்தால் தெருவில் நிற்கவே முடியாது. காதை மூடும் தொப்பி அவசியம். மதியத்துக்குமேல் நேரமிருந்தால் கிரிஞான் கோட்டைக்குப் போகலாம், கொஞ்ச தூரம்தான். மீந்த ட்ரஃபிளை ரயிலில் கொண்டு வருவதானால் சமையல்தாளில் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் பெட்டி முழுக்க மணக்கும். வீட்டுக்கு வந்ததும் தாளை மட்டும் தினமும் மாற்றி, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.